பார்க்கின்சன் நோய்: ஆய்வகங்கள் பகிராமல் மருந்து வராது



த்ரெட் கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்கள் மட்டுமாவது பொறுமையாகக் கடைசி வரை படிச்சிடுங்க.

"கொரோனாவுக்கு ஒரே வருஷத்துல தடுப்பூசி வந்துச்சு. பார்க்கின்சனுக்கு மட்டும் ஏன் டாக்டர் இன்னும் குணப்படுத்துற மருந்து வரலை?"

நோயாளிகளின் பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியது 1817-ல். இருநூறு வருஷம் தாண்டியாச்சு.

மூளையின் அடிப்பகுதியில் கருமை நிறத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கு. அங்கிருக்கும் செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. பார்க்கின்சன் நோயில் அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அதனால் அசைவுகள் மெதுவாகும், உடம்பு விறைக்கும், பலருக்குக் கை நடுங்கும். நாங்கள் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை உடம்பில் டோபமினாக மாறி, குறைந்துபோனதை ஈடுகட்டும். ஆனால் செல்கள் அழிவதை அது நிறுத்தாது. நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று வரை எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் "மருந்து கம்பெனிகள் மறைச்சு வச்சிருக்காங்க" என்று ஒரு வாட்ஸ்அப் பதில் வரும். அதை விடுங்க.

மூளையைத் திறந்து பார்க்க முடியாது, நோய் மெதுவாக வளர்வது, அறிகுறி தெரியும்போதே பெருமளவு செல்கள் போயிருப்பது என்று உண்மையான காரணங்கள் பல. அதோடு பொதுவெளியில் யாரும் பேசாத இன்னொரு காரணமும் இருக்கு. அதைப் பேசத்தான் இந்த த்ரெட்.

ஆய்வகங்கள் தங்களிடம் இருப்பதைப் பகிர்ந்துகொள்ளாதது. மூளைத் திசு, ரத்த மாதிரி, புரதம், செல், செய்முறை, தகவல் எல்லாவற்றையும்தான் சொல்கிறேன்.

கொரோனா தடுப்பூசி ஏன் வேகமாக வந்தது என்று யோசிச்சுப் பாருங்க. 2020 ஜனவரியில் அந்த வைரஸின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானிகள் இணையத்தில் எல்லோருக்கும் வெளியிட்டார்கள். வைரஸ் கைக்கு வந்து சேரும் முன்பே பல நாடுகளில் தடுப்பூசி வடிவமைப்பு தொடங்கிவிட்டது. பணமும் அவசரமும் பெரிய காரணங்கள்தான். ஆனால் அந்த ஒரு பகிர்வு இல்லையென்றால் எதுவுமே தொடங்கியிருக்காது.

பார்க்கின்சன் வரலாற்றிலும் இதே கதைதான். பெரிய தாவல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ எதையோ பகிர்ந்திருக்கிறார்கள்.

சில உதாரணங்கள் பார்க்கலாம்.

முதல் உதாரணம், வியன்னா, 1960.

ஒலே ஹோர்னிகிவிச் என்ற விஞ்ஞானி, இறந்தவர்களின் மூளைகளைச் சோதித்துப் பார்த்தார். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. அடுத்த வருஷமே, 1961-ல், நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டுப் பார்த்த முடிவுகள் வெளியாயின. இன்று நம் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வாங்கும் மாத்திரையின் கதை, இறந்துபோன சில நோயாளிகளின் மூளையிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாவது, லண்டன், 1992.

அங்கே ஒரு பார்க்கின்சன் மூளை வங்கி உண்டு. உயிரோடு இருந்தபோது பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் முடிவு செய்த 100 பேருடைய மூளைகளை, இறந்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எத்தனை பேருக்கு உண்மையில் பார்க்கின்சன் இருந்தது தெரியுமா?

76 பேருக்கு.

மற்ற 24 பேருக்கு இருந்தது அது இல்லை. கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு நோயின் பெயரே தப்பு.

இதில் அவமானப்பட எதுவும் இல்லை. அந்த மூளைகளைத் தானம் கொடுத்தவர்களால்தான் "எந்த அறிகுறி இருந்தால் நம்பலாம், எது இருந்தால் சந்தேகப்படணும்" என்ற விதிகள் கூர்மையாயின. மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்ததும் அந்த மூளை வங்கியின் விதிகளைத்தான். முதலில் அசைவு மெதுவாகியிருக்கணும். கூடவே விறைப்போ, ஓய்வில் இருக்கும்போது வரும் நடுக்கமோ, நிற்கும்போது தடுமாற்றமோ ஏதாவது ஒன்று இருக்கணும். லண்டனில் யாரோ கொடுத்த தானம், நம்மூர் புறநோயாளிகள் பிரிவில் தினமும் பயன்பட்டிருக்கு.

மூன்றாவது, கலிஃபோர்னியா, 1982.

போதை மருந்து ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோனார்கள். பேச்சில்லை, அசைவில்லை. முற்றிய பார்க்கின்சன் போலவே இருந்தார்கள். இருபது, முப்பது வயதில் ராத்திரியோடு ராத்திரியாக இது எப்படி வரும்?

வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் துருவினார். 1979-ல் வெளியான, அதிகம் பேர் கவனிக்காத ஒரு கட்டுரை அவர்களுக்குத் துப்பு கொடுத்தது. தானே போதைப்பொருள் தயாரித்து ஊசி போட்டுக்கொண்ட ஒரு மாணவருக்கு இதேபோல் ஆன சம்பவம் அதில் பதிவாகியிருந்தது. அதை வைத்துத்தான் எம்.பி.டி.பி. என்ற நச்சு அடையாளம் காணப்பட்டது. பிறகு அந்த நச்சைக் கொண்டே விலங்குகளில் பார்க்கின்சனை உருவாக்கி, உலகம் முழுக்க ஆய்வுகள் நடந்தன.

ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அந்தக் கட்டுரையை "இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா" என்று யாராவது பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தால்?

சரி, இப்போ இன்றைய ஆய்வகத்துக்குள் போவோம். பிரச்சனை அங்கேதான் இருக்கு.

1997-ல் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் வெளிச்சத்துக்கு வந்தது. இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பார்க்கின்சனுக்கு இந்தப் புரதத்தின் மரபணுப் பிழை காரணம் என்று தெரிந்தது. நோயாளிகளின் மூளைச் செல்லுக்குள் காணப்படும் லூவி உருண்டைகளில் இதே புரதம் திரண்டு கிடப்பதும் அதே வருஷம் கண்டறியப்பட்டது.

உடனே உலகமெங்கும் ஆய்வகங்கள் இதன் பின்னால் ஓடின. கூடவே ஒரு குழப்பமும் வந்தது. ஓர் ஆய்வகத்தில் கிடைத்த முடிவு இன்னொரு ஆய்வகத்தில் கிடைக்கவில்லை.

இதற்கு முக்கியக் காரணங்கள் ரெண்டு. கருவி ஒன்று, செய்முறை ஒன்று.

முதலில் கருவி. செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கு. அதில் ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்க ஆன்ட்டிபாடி என்ற பொருளைப் பயன்படுத்துவார்கள். அதை ஒரு தபால்காரர் என்று வச்சுக்கோங்க. சரியான விலாசத்தில் மட்டும் தபாலைப் போடணும். பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வந்தால் ஆராய்ச்சி மொத்தமும் தப்பாகும்.

தபால்காரர் சரியானவரா என்று எப்படிச் சோதிப்பது? அந்த வீட்டையே இல்லாமல் பண்ணிவிடணும். அதாவது, அந்தப் புரதமே உருவாகாதபடி மரபணுவை நீக்கிய செல்களை எடுக்கணும். அதில் போட்ட பிறகும் "டெலிவரி முடிந்தது" என்று வந்தால் அந்த ஆன்ட்டிபாடி பொய் சொல்லுது என்று அர்த்தம்.

ஒய்காரோஸ் என்ற திறந்த அறிவியல் குழு இதைத்தான் பெரிய அளவில் செய்தது. நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்குச் சந்தையில் விற்கும் 614 ஆன்ட்டிபாடிகளை எடுத்து இப்படிச் சோதித்தார்கள். பாதிக்கு மேல் ஏதாவது ஒரு சோதனையிலாவது தோற்றன. அவற்றில் பலவற்றை வைத்து ஏற்கனவே கட்டுரைகள் வெளியாகியிருந்தன.

எத்தனை ஆராய்ச்சி மாணவர்களின் எத்தனை வருஷம் வீணாகியிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்க. எவ்வளவு மக்கள் வரிப்பணம்!

இதில் நல்ல செய்தியும் உண்டு. முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியானதும், விற்கும் நிறுவனங்களே தோற்றவற்றில் சுமார் 20 சதவீதத்தைச் சந்தையிலிருந்து எடுத்தன. சுமார் 40 சதவீதத்துக்கு "இந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்க" என்று பரிந்துரையை மாற்றின. பகிர்ந்தால் இதுதான் நடக்கும். ஒரு ஆள் ஒருமுறை சோதித்தால் போதும், ஆயிரம் பேர் ஏமாற வேண்டாம்.

அடுத்தது செய்முறை.

ஒரே அரிசி, ஒரே உளுந்து. உங்க வீட்டு இட்லியும் பக்கத்து வீட்டு இட்லியும் ஏன் ஒரே மாதிரி வர்றதில்லை? ஊறிய நேரம், அரைத்த பதம், தண்ணீர் அளவு, புளித்த நேரம், அன்னிக்கு அடிச்ச வெயில். "மாவு அரைத்துப் புளிக்க வைத்தோம்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அதை வைத்து யாரும் இட்லி சுட முடியாது.

பார்க்கின்சன் ஆராய்ச்சியில் அப்படி ஒரு "மாவு" இருக்கு. ஆல்ஃபா சைநியூக்ளின் புரதத்தை ஆய்வகத்தில் நாராகத் திரள வைப்பார்கள். அதை எலியின் மூளையில் செலுத்தினால், மூளையில் ஏற்கனவே இருக்கும் நல்ல புரதமும் அதைப் பார்த்துத் திரளத் தொடங்கும். நோய் பரவுவதை நேரில் பார்க்க இது அருமையான வழி.

ஆனால் பல ஆய்வகங்களில் இது வேலை செய்யவில்லை. காரணம் நுணுக்கங்கள். 37 டிகிரி செல்சியஸில் சுமார் 7 நாள் விடாமல் குலுக்கி நாரை உருவாக்கணும். பிறகு ஒலி அலைகளால் அதைச் சின்னத் துண்டுகளாக உடைக்கணும். துண்டு சுமார் 50 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் செல்லுக்குள் நன்றாகப் போய் வேலை செய்யும். நீளமாக விட்டால் ஒண்ணும் நடக்காது. "எலிக்கு நோய் வரலையே, அப்போ அந்தக் கோட்பாடே தப்பு" என்று ஒருவர் முடிவுக்கு வந்திருக்கலாம். தப்பு கோட்பாட்டில் இல்லை, மாவு பதத்தில்.

இதில் அனுபவமுள்ள பல ஆய்வகங்கள் சேர்ந்து 2018-ல் ஒரு பொதுச் செய்முறையை வெளியிட்டன. எப்படிச் செய்யணும், சரியாக வந்ததா என்று எப்படிச் சோதிக்கணும், எங்கே தவறும் என்று படிப்படியாக எழுதினார்கள். நோபல் பரிசு வாங்கித் தரும் வேலை இல்லைதான். ஆனால் நோபல் பரிசு வாங்கும் வேலைகள் நிற்பது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

செய்முறையை முழுசாக எழுதும் பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. 1937-ல் சென்னையில் பணியாற்றிய தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள், பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். பார்க்கின்சனுக்கும் டோபமினுக்கும் தொடர்பு இருப்பது தெரிவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முன்னாடி! அந்தக் கட்டுரையை இன்றும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

உடனே நாட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. விதைக்கு விதை லெவோடோபா அளவு மாறும். மாத்திரையோடு அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு எகிறும். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடுவது இன்னும் ஆபத்து.

இனி, பகிர்ந்ததால் சமீபத்தில் என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 29 வயதில் பார்க்கின்சன் வந்தது. 2000-ல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். ஆய்வுகளுக்குப் பணம் கொடுப்பதோடு, ஆன்ட்டிபாடி, புரதம், விலங்கு மாதிரி போன்ற பொதுக் கருவிகளைத் தரம் பார்த்துத் தயாரிக்க வைத்து, எல்லா ஆய்வகங்களுக்கும் கிடைக்கும்படியும் அது செய்கிறது.

அதே அறக்கட்டளை 2010-ல் பி.பி.எம்.ஐ. என்ற நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. நோயாளிகள், நோய் இல்லாதவர்கள், நோய் வரும் அபாயம் உள்ளவர்கள் என்று பலரை வருஷக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். ரத்தம், தண்டுவட நீர், ஸ்கேன், பரிசோதனை மதிப்பெண் எல்லாமே ஒரே முறையில் எடுக்கப்படும். தகவல்கள், விதிகளுக்கு ஒப்புக்கொண்டு பதிவு செய்யும் ஆராய்ச்சியாளர் எந்த நாட்டில் இருந்தாலும் அவருக்குக் கிடைக்கும்.

விளைவு? 2023-ல் அந்த ஆய்வில் இருந்த 1,123 பேரின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். திரிந்த ஆல்ஃபா சைநியூக்ளின் துளியளவு இருந்தாலும் அதைப் பெருக்கிக் காட்டும் சோதனை அது. பார்க்கின்சன் நோயாளிகளில் 87.7 சதவீதம் பேருக்குச் சரியாகக் காட்டியது. நோய் இல்லாதவர்களில் 96.3 சதவீதம் பேருக்கு "இல்லை" என்று சரியாகச் சொன்னது.

மூளையைத் திறந்து பார்த்தால் மட்டுமே தெரிந்த ஒன்று, உயிரோடு இருக்கும்போதே தெரியத் தொடங்கியிருக்கு. பதிமூன்று வருஷமாகச் சேமித்த மாதிரிகள் இல்லாமல் இது சாத்தியமே இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். இதைப் படிச்சிட்டு "எங்கம்மாவுக்கு அந்த டெஸ்ட் எடுக்கணும்" என்று லேப்களில் விசாரிக்காதீங்க. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டிய சோதனை அது. முடிவு தெரிந்தாலும் இன்றைய சிகிச்சை மாறப்போவதில்லை. புது மருந்து ஆய்வுகளுக்குத்தான் இப்போதைக்கு அதிகம் உதவும்.

2019-ல் தொடங்கிய ஏசாப் என்ற சர்வதேச ஆராய்ச்சித் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. எங்களிடம் பணம் வாங்கினால் தகவல், செய்முறை, கணினி நிரல் எல்லாவற்றையும் பொதுவில் வைக்கணும் என்பது நிபந்தனை. "பகிருங்க ப்ளீஸ்" என்ற வேண்டுகோள் இல்லை. பகிர்ந்தால்தான் பணம்.

எனக்குப் பிடித்தது இந்த அணுகுமுறைதான். நல்ல மனசை நம்பி மட்டும் அறிவியல் ஓடாது. விதி வேணும்.

இதில் நமக்கு என்ன? கதையின் முக்கியமான இடமே இதுதான்.

எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணுவில் வரும் ஒரு குறிப்பிட்ட மாற்றம், வட ஆப்பிரிக்க அரபு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. இந்திய நோயாளிகளில் அது மிக அரிது. அந்த மரபணுவைக் குறிவைத்துப் புது மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. நம் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அவை உதவும்?

இன்னொரு கதை. பல வருஷமாக மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமே நடந்தன. ஜி.பி.2 என்ற உலகளாவிய திட்டம் ஆப்பிரிக்கர்களையும் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்துப் பார்த்தது. 2023-ல் முடிவு வந்தது. ஜி.பி.ஏ.1 என்ற மரபணுவில், அதுவரை யாரும் பார்க்காத ஒரு மாற்றம் பார்க்கின்சன் அபாயத்தைச் சுமார் ஒன்றரை மடங்கு கூட்டுகிறது. ஐரோப்பியர்களிடம் அந்த மாற்றம் கிட்டத்தட்ட கிடையாது.

ஐரோப்பியர்களை மட்டும் இன்னும் நூறு வருஷம் ஆராய்ந்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. தேடாத இடத்தில் இருந்தது, அவ்ளோதான்.

இப்போ சொல்லுங்க. 140 கோடி பேர் வாழும் நாடு. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கு. நம் மரபணுக்களில் என்னென்ன ஒளிந்திருக்கோ? நாம் இல்லாத தகவல் களஞ்சியத்திலிருந்து வரும் மருந்து நமக்குச் சரியாக வேலை செய்யும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

நாம் சும்மா இருக்கிறோம் என்று சொல்லவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. இந்தியப் பார்க்கின்சன் நோயாளிகளின் மரபணுக்களை ஆராயும் கூட்டு முயற்சிகளில் பல மருத்துவமனைகள் சேர்ந்திருக்கின்றன. 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தகவல் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விடப்பட்டது. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தகவல் மையத்தில் அது இருக்கிறது. நோயாளியின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க "சராசரி இந்தியர்" என்று ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது.

தொடக்கம் நல்ல தொடக்கம்தான். ஆனால் நம் நாட்டின் அளவுக்கு இது போதாது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். வரணும்.

"நம்ம ரத்தத்தை எடுத்துட்டுப் போய் மருந்து பண்ணி, நம்மகிட்டயே லட்ச ரூபாய்க்கு விப்பானுங்க. எதுக்குப் பகிரணும்?"

இந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஏழை நாடுகளின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு போய், பெயரும் லாபமும் தங்களுக்கே என்று வைத்துக்கொண்ட சம்பவங்கள் மருத்துவ வரலாற்றில் உண்டு.

ஆனால் அதற்குத் தீர்வு பூட்டி வைப்பது இல்லை. நிபந்தனையோடு பகிர்வது. நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் வாங்கணும். பெயரும் விலாசமும் நீக்கப்படணும். மாதிரி வெளிநாட்டு ஆய்வுக்குப் போவதாக இருந்தால் அரசின் அனுமதி முறை வழியாகப் போகணும். தகவலின் பிரதி இங்கேயும் இருக்கணும். ஆய்வில் நம் விஞ்ஞானிகள் பங்காளிகளாக இருக்கணும், சாம்பிள் எடுத்துக் கொடுக்கும் ஆட்களாக மட்டும் இல்லை.

பூட்டி வைத்தால் யாரும் திருட முடியாது, சரி. யாருக்கும் பயன்படவும் முடியாதே!

ஆராய்ச்சியாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. "பத்து வருஷம் கஷ்டப்பட்டு நான் சேகரித்தேன். ஒருத்தர் வந்து சுலபமா எடுத்துக் கட்டுரை போட்டுப் பேர் வாங்குவாரா?" உழைத்தவருக்குப் பெயர் கிடைக்கணும், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. ஒருவர் உருவாக்கிய செல் வரிசையை, மாதிரி வங்கியை, செய்முறையை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் மதிப்பெண் கொடுங்க. பகிர்பவர் நஷ்டப்படும் அமைப்பில் யார் பகிர்வார்?

அரசுக்கும் அரசுப் பணத்தில் ஆய்வு செய்பவர்களுக்கும் என் கோரிக்கைகள் நான்கு.

1. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நரம்பியல் ஆய்வு எதுவானாலும், செய்முறையும் தகவலும் குறிப்பிட்ட காலத்துக்குள் பொதுவில் வரணும். தோற்ற ஆய்வுகளும்தான். "இந்த வழி அடைச்சிருக்கு" என்று பலகை வைத்தால் அடுத்தவர் அதே சந்தில் நுழைய மாட்டார்.

2. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மூளை தானத்துக்குச் சேகரிப்பு மையங்கள் வேணும். இறந்த சில மணி நேரங்களுக்குள் எடுத்துப் பதப்படுத்த வேண்டிய உறுப்பு அது. திருநெல்வேலியில் இறப்பவரின் மூளை பெங்களூரு போய்ச் சேருவது நடைமுறையில் ரொம்பச் சிரமம். நோயியல் துறை நம் கல்லூரிகளில் ஏற்கனவே இருக்கு. பயிற்சியும் குளிர்பதன வசதியும் ஒருங்கிணைப்பும் கொடுத்தால் போதும். 2008-ல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டத்தை நாட்டுக்கே முன்மாதிரியாக நடத்திக் காட்டிய மாநிலம் இது. இதையும் செய்ய முடியும்.

3. எல்லா மருத்துவமனைகளிலும் பார்க்கின்சன் நோயாளியை ஒரே அளவுகோலில் பதியணும். யு.பி.டி.ஆர்.எஸ். என்று ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கு. நடை, விறைப்பு, நடுக்கம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மதுரை டாக்டர் போட்டதை மியூனிக் டாக்டர் படித்தாலும் புரியும். "நடுக்கம் பரவாயில்லை" என்று சீட்டில் எழுதினால் அடுத்த மாதம் பார்க்கும் டாக்டருக்கே புரியாது. கூட்டத்தில் முழுசாகப் போட நேரம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். முதல் வருகையிலும், பிறகு வருஷத்துக்கு ஒருமுறையும் போட்டால்கூட பெரிய சொத்து.

4. ஆன்ட்டிபாடி, செல், புரதம் போன்றவற்றைத் தரம் பார்த்துக் கொடுக்கும் பொது மையம் நாட்டுக்குள்ளேயே பலமாக வேணும். ட்ரை ஐஸில் வரும் பொருள் வழியில் தாமதமானால் வீண். பணக்கார ஆய்வகம் திரும்ப வாங்கும். மாவட்டக் கல்லூரியில் இருக்கும் மாணவி என்ன பண்ணுவாள்?

பொதுமக்களாகிய உங்களுக்கும் நான்கு விஷயம்.

ஒன்று. ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால் பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்க. இது எதற்கு? என் பெயர் வெளியே தெரியுமா? என் மாதிரியை வேறு யாருக்கெல்லாம் கொடுப்பீங்க? பதில் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை. வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது. இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டு. ஆராய்ச்சி என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துடுங்க. "ஸ்டெம் செல் போட்டால் பார்க்கின்சன் குணம்" என்ற விளம்பரங்களைப் பார்த்து நிலத்தை விற்காதீங்க. ஸ்டெம் செல் ஆய்வுகள் உண்மையாகவே நடக்கின்றன. ஆனால் பார்க்கின்சனுக்கு அதைச் சிகிச்சையாக விற்க இந்தியாவில் அனுமதி இல்லை. உண்மையான ஆய்வு தன் செய்முறையை வெளியே காட்டும். "எங்க தனி ஃபார்முலா, சொல்ல மாட்டோம்" என்றால் அங்கேயே உஷாராகிடுங்க.

மூன்று. மூளை தானம் பற்றி வீட்டில் பேசுங்க. கண் தானம் பற்றிப் பேசத் தயங்கிய காலம் ஒன்று இருந்ததுதானே? மூளையை எடுத்தாலும் முகம் சிதையாது. உடலை உங்களிடம் ஒப்படைப்பார்கள், சடங்குகள் செய்யலாம். நோய் இல்லாதவர்களின் மூளையும் தேவை. ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல்.

நான்கு. இந்த த்ரெட்டைப் படிச்சிட்டு மாத்திரையை நிறுத்தாதீங்க, நேரம் மாத்தாதீங்க. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இன்றைக்கு நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த மருந்து அதுதான்.

பார்க்கின்சனுக்கு மருந்து ஒருநாள் வரும். அது எப்போ வரும் என்பது, ஒவ்வொரு ஆய்வகமும் தன் அலமாரியை எவ்வளவு திறந்து வைக்கிறது என்பதைப் பொறுத்தது. அது நம்ம ஆளுங்களுக்கும் வேலை செய்யுமா என்பது, அந்த அலமாரியில் நம் மாதிரிகளும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது.

முதலாவதை விஞ்ஞானிகளிடமும் அரசிடமும் கேட்டு வாங்கணும். இரண்டாவதில் நமக்கும் பங்கு இருக்கு.

வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருக்கும் யாருக்காவது அனுப்பி வையுங்க.

அன்புடன்,
உங்கள் அரசு மருத்துவர்